சின்னத்தங்கத்தின் குரலோடு வந்த வீடு

சின்னத்தங்கம் கொலையுண்டு எட்டு ஆண்டுகள் ஆகியும், அவர் கடைசியாகக் கூப்பிட்ட குரல் தொண்டைமானாற்று வீட்டிலேயே தங்கியிருந்தது. ஒவ்வொரு நாளும் இருள் கவியும் மைமல் பொழுதில், கடல்நீரேரிக் காற்று சற்று ஓய்ந்ததும், பூட்டிக் கிடந்த வீட்டின் கூடத்திலிருந்து அது புறப்படும். "ஆழ்வாப்பிள்ளை அண்ணை, ஓடி வாங்கோ!" என்று முதலில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடும். பிறகு, "நல்லம்மாக்கா! நல்லம்மாக்கா!" என்று எதிர்வீட்டு அம்மாளை அழைக்கும். இறுதியில் எவர் பெயரும் சொல்லாமல், "ஆரெண்டாலும் வாங்கோ!" என்று களைத்துப் போகும்வரை கத்தும். மாரிகாலத்தில் குரலுக்குத் தடிமன் பிடித்துக் கம்மும். பங்குனி வெயிலில் தெளிந்துவிடும். கொரோனா ஊரடங்கு நாட்களில் வீட்டு முன்னிருந்த குறுந்தெருவான ஒழுங்கையில் தடையின்றி நடமாடியது அது ஒன்றுதான்.

பிள்ளைகள் எல்லாரும் கனடாவில் இருக்க, தனியே வாழ்ந்த அந்தப் பெண்ணைக் கழுத்துச் சங்கிலிக்காகக் கொன்றவர்கள் சில நாட்களிலேயே பிடிபட்டு, விசாரிக்கப்பட்டு, சிறைக்குப் போய்விட்டார்கள். சட்டத்தின் வேலை அத்துடன் முடிந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஏன் ஒரு வாசற்படலையேனும் திறக்கவில்லை என்பது எந்த நீதிமன்றத்திலும் கேட்கப்படவில்லை. ஒழுங்கைக்காரர் கெட்டவர்கள் அல்லர். இருளும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதே உயிர் காக்கும் வழி என்று போர்க்காலம் அவர்களுக்குப் படிப்பித்திருந்தது. போர் முடிந்தபின் அந்தப் பாடத்தை மறக்கும்படி எவரும் வந்து சொல்லவில்லை. ஆகவே அன்றும் விளக்குகள் அணைந்தன. அதற்குப் பிறகு, குரல் வரும் நேரத்தில் ஒழுங்கை முழுவதும் தண்ணீர் மோட்டார்கள் இரையத் தொடங்கின. தேவைக்கு மேல் நீர் கிடைத்த வாழைகள் பெரிய குலைகளாகத் தள்ளின. நெல்லியடிச் சந்தையில் அவை நல்ல விலைக்குப் போயின.

நாகேஸ்வரி இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டே அந்த வீட்டை வாங்கினார். வல்வெட்டித்துறைக்கு மேற்கே கடற்கரையில் இருந்த தமது வீட்டை விட்டு ஓடிவந்தபோது அவர் புதுமணப் பெண். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டபோது அங்கே கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் வாடகை வீடுகளிலே கழிந்தது. ஒரு வீட்டுக்காரரின் மகனுக்குக் கலியாணம் ஆகும். இன்னொருவரின் தமக்கை சுவிசிலிருந்து திரும்பி வருவார். நாகேஸ்வரி மறுபடியும் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டுவார். இப்போது மானிப்பாயில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் தனுஷிகா முதற்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவள் வந்து படுத்து எழும்பத் தாய்வீடு ஒன்று வேண்டும். நாகேஸ்வரியின் வாழ்நாள் ஆசை அந்த ஒன்றில் வந்து நின்றது. சின்னத்தங்கத்தின் மூத்த மகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் காணிக்கு மட்டுமே விலை சொன்னான், வீட்டுக்குச் சொல்லவில்லை. "அம்மான்ரை குரலையும் சேர்த்துத்தான் தாறன், அன்ரி. பிறகு என்னைப் பேசக்கூடாது," என்றான். ஏசுவதில்லை என்று நாகேஸ்வரி வாக்குக் கொடுத்தார்.

புதுவீட்டுக் குடிபூரலுக்கு ஒழுங்கைக்காரர் வந்தார்கள். ஆனால் படலையோடு நின்று வாழைக்குலைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். எவரும் கை நனைக்கவில்லை. அன்று மாலை நாகேஸ்வரி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது குரல் வந்தது. ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டது, நல்லம்மாவைக் கூப்பிட்டது, அப்போதெல்லாம் அவர் தலையை நிமிர்த்தவில்லை, அவை வேறு ஆட்களின் பெயர்கள். "ஆரெண்டாலும் வாங்கோ!" என்றதும், யார் கூப்பிட்டாலும் சொல்வதுபோலவே, "ஓம், வாறன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டு, கையில் பாதித் தேங்காயுடன் கூடத்துக்கு ஓடினார். அங்கே ஒருவரும் இல்லை. எட்டு ஆண்டுகளாகக் களைக்கும்வரை கத்திய குரல் அன்று பாதியிலே நின்றுவிட்டது. மோட்டார்கள் வெறுமனே இரைந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை ஆழ்வாப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதியான அவருக்கு, ஓடும் இரைச்சலில் ஒரு சிறு மாற்றம் என்றாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"தங்கச்சி, நேற்று உங்கை என்ன செய்தனீங்கள்?"

"ஆரெண்டாலும் வரச் சொன்னா, போனனான்."

"போய்?"

"போய் என்ன, நிண்டனான். அண்ணை, முதலிலை உங்களைத்தானே கூப்பிடுறா. நீங்கள் ஒருக்கால் ஓமெண்டு சொன்னால் அவவுக்கு ஆறுதலாயிருக்கும்."

"எட்டு வருசத்துக்குப் பிறகோ? விசர்க் கதை கதையாதையுங்கோ!" என்று சொல்லிவிட்டு, அந்த விடியலிலேயே ஆழ்வாப்பிள்ளை மோட்டாரைப் போட்டார்.

நாகேஸ்வரியின் கணவர் வாகீசன் வள்ளங்களின் இஞ்சின் திருத்துபவர். பழுது என்றால் கழற்றிப் பார்க்க வேண்டும் என்ற கொள்கையுடையவர். அவர் ஐயரை அழைத்து, ஒலிபெருக்கி கட்டி, பெரிய சாந்தி ஒன்று செய்வித்தார். குரல் மரியாதையாகப் பூசை முடியும்வரை காத்திருந்து, ஐயர் தட்சணையை மடியில் முடிந்தபின் வழமைபோல் கூப்பிட்டது. செய்தி மானிப்பாயை எட்டியது. தனுஷிகாவின் மாமியார் தொலைபேசி எடுத்து, "சம்பந்தி, குறை நினையாதையுங்கோ. உந்தக் குரல் நிக்கிற வீட்டுக்கு என்ரை பேரப்பிள்ளை வராது," என்று கூறி வைத்துவிட்டார். அவ்வாறே பிள்ளை பிறந்ததும் மருத்துவமனையிலிருந்து நேரே மாமியார் வீட்டுக்குப் போனது. பெண் குழந்தை. நாகேஸ்வரி, மகளுக்குப் பால் சுரக்கவென்று சமைத்த பால்சுறா வறையைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு பஸ் மாறி மாறி மானிப்பாய்க்குப் போவார். விருந்தாளியைப்போல் ஒரு கதிரையில் அமர்ந்து பேத்தியைப் பார்த்துவிட்டு, குரல் வருமுன் வீடு திரும்பிவிடுவார். அந்த ஒன்றில் அவர் தவறவில்லை. ஒருநாள் பஸ் பிந்தியபோது, அச்சுவேலியிலிருந்து அழுகையை அடக்கிக்கொண்டு கணவனுக்குத் தொலைபேசி எடுத்து, "இஞ்சேருங்கோ, நான் வர முந்திக் கூப்பிட்டால் நீங்கள் போங்கோ. சும்மா விட்டிடாதையுங்கோ," என்றார். வாகீசன் கிரீஸ் கையோடு போய்க் கூடத்தில் நின்றார்.

இப்படி ஒவ்வொரு மாலையும் யாராவது வருவார் என்று நிச்சயமானபின், குரலில் இருந்த பதற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதலில் "ஓடி" என்ற சொல் போயிற்று. பிறகு கத்தல் போயிற்று. சித்திரை மாதத்தில் ஒரு மாலை, வேலிக்கு மேலால் தீப்பெட்டி கேட்பவரின் குரலில், "ஆழ்வாப்பிள்ளை அண்ணை, நிக்கிறியளோ?" என்று மட்டும் கேட்டது.

அலறலுக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம். பெயர் சொல்லி, வீட்டில் நிற்கிறீர்களா என்று அயலார் கேட்கும்போது பேசாமல் இருக்க அந்த ஊரில் எவரும் பழகியதில்லை. மோட்டாரைப் போட அதன் ஆளியில் கை வைத்திருந்த ஆழ்வாப்பிள்ளை, "ஓம் பிள்ளை, நிக்கிறன்," என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்குத் தெரிந்தது. சொன்னவர் போகாமல் இருக்கவும் முடியாது. மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, நாகேஸ்வரியின் படலையைத் திறந்து, கூடத்தின் நடுவே வந்து தலை குனிந்து நின்றார்.

"பிந்திப் போனன், பிள்ளை," என்றார்.

பிறகு குரல், "வாங்கோ அண்ணை, இருங்கோ," என்றது. நாகேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். ஆழ்வாப்பிள்ளை அழுதபடியே அதைக் குடித்து முடித்தார்.

மூன்றாம் நாள் நல்லம்மா தட்டை வடை சுட்டுக்கொண்டு, கூப்பிடுமுன்பே வந்துவிட்டார். வாழைக்குலைகள் பழைய அளவுக்குச் சிறுத்தன. ஒழுங்கையே அங்கே போய் வருகிறது என்ற கதை மானிப்பாயை எட்டியது. பார்த்துவிட்டு இருளுமுன் திரும்புவது என்ற நிபந்தனையோடு, சம்பந்தியம்மா மருமகளையும் குழந்தையையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றாமல் விறாந்தை ஓரத்தில் அமர்ந்தார். தண்ணீரும் வேண்டாமென்றார். ஓட்டோக்காரனோ சந்நிதிக் கோயிலைக் கும்பிடப் போனவன் திரும்பவில்லை. பொழுது மங்கியது. ஆழ்வாப்பிள்ளையும் நல்லம்மாவும் வழமைபோல் கூடத்தில் வந்து அமர்ந்தார்கள். நாகேஸ்வரி மகளின் மடியில் உறங்கும் குழந்தையைப் பார்த்தபடி நின்றார்.

"ஆழ்வாப்பிள்ளை அண்ணை, நிக்கிறியளோ?" என்றது குரல்.

"முன்னாலைதானே இருக்கிறன். உனக்குக் கண்ணும் மங்கிப்போச்சோ?" என்றார் அவர். நல்லம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

குழந்தை திடுக்கிட்டு வீரிட்டது. சம்பந்தியம்மா விறைத்தபடி எழுந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஓட்டோ வந்து படலையில் நின்று ஹோர்ன் அடித்தது. அவர் செருப்பை உதறிவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்து, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, குரல் வந்த திசையைப் பார்த்து, "கொஞ்சம் மெல்லமாய்க் கதை, பிள்ளை. பச்சைப்பிள்ளை நித்திரை கொள்ளுற நேரம் தெரியாதோ?" என்று அதட்டினார். நல்லம்மாவுக்கும் சேர்த்து ஒரு பார்வை விழுந்தது.

"ஓம் அம்மா," என்றது குரல், மிகவும் தாழ்வாக.

சம்பந்தியம்மா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "ஓட்டோவை அனுப்பிவிடுங்கோ. ஏணை எங்கை கட்டுறது, சம்பந்தி?" என்று கேட்டார். நாகேஸ்வரி அலுமாரியைத் திறந்து, ஏணைத் தொட்டிலுக்குத் தம் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். கயிறு போட வாகீசன் ஏணியோடு கூரையை அண்ணாந்து பார்த்தார். கூடத்துக் கூரையின் நடுவளை மரந்தான் உறுதியானது, மற்றவற்றில் கறையான் இருக்கிறது என்று குரல் சொன்னது. நடுவளையில் கட்டினார்கள்.