கம்பத்தை வெட்டாதீங்க

மழையில் படம் எடுக்கப் போகிறவளுக்கு முதலில் வேண்டியது நல்ல கேமரா இல்லை, வெட்கம் கெட்ட மனசு. குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியைக் கேமராவுக்கு மாட்டி, லென்ஸுக்குக் குப்பைப் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, இன்னொரு பையை நான் போர்த்திக்கொண்டு கோலுக்குப் பின்னால் உட்காருவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பத்திரிகை ஆபீசில் எனக்கு 'பாலித்தீன்' என்றே பெயர். அந்தப் பெயர் புருஷன் வீடுவரை வந்துவிட்டது. வரட்டும். என் கேமரா எந்த மழையிலும் செத்ததில்லை.

அன்றைக்குக் கால்பந்து இறுதி ஆட்டங்கள். முதலில் ஆண்கள், அடுத்து பெண்கள். எப்போதுமே அந்த வரிசைதான். நல்ல வெளிச்சத்தை அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், மிச்சம் மீதி பெண்களுக்கு. போன வருஷம் பாதி ஆட்டத்திலேயே "இருட்டிப்போச்சு" என்று நிறுத்தி, கோப்பையை இரண்டு அணிக்கும் பொதுவாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பேப்பரில் ஒரே ஒரு வரி வந்தது. போதிய வெளிச்சமின்மையால் கைவிடப்பட்டது. படம் கிடையாது.

அந்தக் கோப்பையைப் பாதியாகத் தூக்கியவள் என் நாத்தனார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். சாயங்காலம் மைதானத்தில் அணிக்குத் தலைவி. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். எங்களுக்குள் குளியலறைச் சண்டை முதல் ஃபேன் சண்டை வரை எல்லாம் உண்டு. அன்று காலையில் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணி, இந்தத் தடவை தோத்தாலும் பரவால்ல. முழுசா ஆடித் தோக்கணும். அதை நாலு பேர் பாக்கணும்."

அவள் எதற்கும் கெஞ்சுகிற ஆள் இல்லை. அதனாலேயே எனக்குச் சுருக்கென்றது.

ஆண்கள் ஆட்டம் முடியும்போதே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. மைதானத்தின் நாலு மூலையிலும் விளக்குக் கம்பங்கள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. கோப்பை கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொரு கம்பமாக அணைந்தது. பெண்கள் அப்போதுதான் மைதானத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் குடைக்குக் கீழே நின்றிருந்தார். நேராக அவரிடம் போனேன்.

"சார், லைட்டை அணைச்சுட்டாங்க."

"மழையில லைட் போடுறது ஆபத்தும்மா. யாருக்காவது ஷாக் அடிச்சா யார் பதில் சொல்றது?"

"இவ்வளவு நேரம் இதே மழையிலதானே எரிஞ்சுது? ஆம்பளைங்களுக்கு ஷாக் அடிக்காத கரண்ட்டா அது?"

குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நீங்க படம் எடுக்க வந்திருக்கீங்க. படத்தை மட்டும் எடுங்க."

"எடுக்கிறேன் சார்" என்றேன்.

மற்ற படக்காரர்கள் எல்லாரும் ஏசி போட்ட கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு மூத்தவர் சித்தப்பா. யாருக்குச் சித்தப்பா என்று யாருக்கும் தெரியாது, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கதவைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாம்மா. இந்த இருட்டுல என்னத்த படம் விழப்போவுது?" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் ஆட்டம் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. நான் போகவில்லை.

வெளிச்சம் இல்லாத இடத்தில் ஓடுகிறவர்களைப் படம் எடுக்க நாலு வழியெல்லாம் கிடையாது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவை ஏற்றலாம், ஏற்றினால் படம் முழுக்க மணல் தூவினாற்போல் புள்ளி விழும். ஷட்டரை மெதுவாக்கலாம், ஆக்கினால் ஓடுகிறவர்கள் கரைந்துபோவார்கள். பிளாஷ் போட்டால் மழைத்துளிகள்தான் பளிச்சென்று விழும், ஆட்கள் பின்னால் காணாமல் போவார்கள். போதாததற்குக் கோல் காப்பவளின் கண்ணும் கூசும். நான் ஐஎஸ்ஓவை ஏற்றிவிட்டு, அசைவு நிற்கிற நொடிக்காகக் காத்திருப்பேன். எவ்வளவு வேகமாக ஓடுகிறவளும் ஒரு நொடி நிற்பாள். உதைக்கக் காலைப் பின்னால் இழுத்த இடத்தில் நிற்பாள். எகிறிக் குதித்த உச்சியில், மேலே போவதும் இல்லாமல் கீழே வருவதும் இல்லாமல் நிற்பாள். அந்த நொடிக்குக் குறைந்த வெளிச்சமும் போதும்.

முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதி தொடங்கியதும் வானம் இன்னும் கறுத்தது. நாத்தனார் உடம்பு முழுக்கச் சேறு. சட்டையின் முதுகில் இருந்த எண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு பந்துக்காக வழுக்கி என் காலடிவரை வந்து விழுந்தாள். எழுந்திருக்கும்போது, "விழுந்துச்சா?" என்று கேட்டாள். அவள் கேட்டது படத்தை.

"விழுந்துச்சு. நீயும்தான்" என்றேன்.

செயலாளர் குடையோடு மைதானத்துக்குள் நடந்து போனது அப்போதுதான். நடுவர் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தினார். செயலாளர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். நானும் பைகள் சரசரக்க உள்ளே ஓடினேன்.

நடுவர் சின்னப் பையனும் இல்லை, பயந்தவரும் இல்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிட வேண்டியது சங்கம்தான். "ரெண்டு பக்கக் கோலும் எனக்குத் தெரியுது சார். நடுவுல நின்னு பாத்தா தெரிஞ்சா போதும், ஆடலாம்" என்று தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? பேப்பர்காரங்களுக்கே ஒண்ணும் தெரியலையாம். கேளுங்க" என்று செயலாளர் திரும்பினார்.

கண்ணாடி அறையிலிருந்து சித்தப்பா வெளியே வந்து கோட்டோரம் நின்றிருந்தார். கேமராவைக் கண்ணில் வைத்து, எடுத்து, கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்து, மறுபடியும் வைத்தார். "ஒண்ணுமே தெரியல சார். ஒரே புகையா இருக்கு" என்றார்.

"பாத்தீங்களா? சித்தப்பாவே சொல்லிட்டாரு. கோப்பையை ரெண்டு பேருக்கும் குடுத்துடலாம். யாருக்கும் வருத்தம் இல்ல."

"எனக்கு இருக்கு" என்றாள் நாத்தனார். எதிரணித் தலைவி தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள், ஒரு கோல் முன்னால் இருக்கிறவள். "எனக்கும் இருக்கு. எங்களுக்குப் பாதிக் கோப்பை வேணாம்" என்றாள். அந்த நொடியே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

நான் சித்தப்பாவின் கையிலிருந்த கேமராவைக் கிட்டத்தட்டப் பிடுங்கினேன். லென்ஸ் ஜில்லென்றிருந்தது. முன்கண்ணாடியில் வெள்ளையாக ஆவி. அவர் கண் வைத்துப் பார்க்கிற துளையிலும் ஆவி. ஏசியில் குளிர்ந்த கண்ணாடியை ஈரக்காற்றுக்குள் திடீரென்று கொண்டுவந்தால் வேறென்ன ஆகும்? துடைக்கத் துடைக்கப் படியும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் மறக்கிற விஷயம்.

"சித்தப்பா, இருட்டு மைதானத்துல இல்ல. உங்க லென்ஸ்ல இருக்கு."

அவர் தொட்டுப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "அடச்சே" என்றார். பிறகு, அவர் நல்ல மனுஷர் என்று சொன்னேனே, செயலாளர் பக்கம் திரும்பி, "நான் சொன்னதை விட்டுடுங்க சார். தப்பு என் மேல" என்றார்.

நான் என் கேமராவின் தொப்பியைத் தூக்கி, பின்னால் இருக்கிற திரையை நடுவரிடம் காட்டினேன். நாத்தனார் வழுக்கி விழுந்த படம். பந்து தெரிந்தது, முதுகில் எண் தெரிந்தது, பின்னால் தபால்காரி பல்லைக் கடித்துக்கொண்டு வருவதும் தெரிந்தது. புள்ளி நிறைய இருந்தது. நடுவர் குனிந்து பார்த்தார். அதைவிட அதிக நேரம் தலையை நிமிர்த்தி அந்தக் கோலையும் இந்தக் கோலையும் பார்த்தார்.

"ஆட்டம் நடக்கும்" என்றார். இந்தத் தடவை தயங்கவில்லை. செயலாளரை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

நான் பழைய இடத்துக்குப் போகவில்லை. மழைக்கு முதுகைக் காட்டி உட்கார்வதுதான் எங்கள் வழக்கம். லென்ஸ் நனையாது. ஆனால் எதிர்மூலையில் உட்கார்ந்தால் கோலுக்கு மேலே எரியாத அந்த விளக்குக் கம்பம் முழுசாகப் படத்துக்குள் வரும். அங்கே போய் உட்கார்ந்தேன். சாரல் முகத்தில் அறைந்தது. ஒரு படம், ஒரு துடைப்பு. பைக்குள் இருந்த துணியெல்லாம் நனைந்த பிறகு உள்ளே போட்டிருந்த பனியனை இழுத்துத் துடைத்தேன். என்னைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். வெட்கம் கெட்ட மனசு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மூலையிலிருந்து பந்து உயரமாக வந்தது. நாத்தனார் எகிறினாள். தபால்காரியும் எகிறினாள். இரண்டு பேரும் உச்சிக்குப் போய், அங்கே நின்றார்கள். பந்து நாத்தனாரின் நெற்றியில் இருந்தது. நான் விரலை அழுத்தினேன். கோல் விழுந்ததைக் கூச்சலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்கும் கண்ணில் தண்ணீர், எல்லாம் மழை இல்லை.

கடைசியில் அவர்கள் தோற்றார்கள். முடிகிற நேரத்தில் தபால்காரி இன்னொன்று போட்டாள். முழுசாக ஆடி, முழுசாகத் தோற்று, சேற்றில் உட்கார்ந்து நாத்தனார் ஒரு அழுகை அழுதாள். தபால்காரி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

ஆபீசில் படப்பகுதிக்குப் பெரியவர் எங்கள் சீஃப். நான் ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போனபோது மூக்கைச் சுளித்தார். படத்தைத் திரையில் விரித்தார்.

"தோத்த டீமோட கோலையா போடுறது?"

"ஜெயிச்சவளும் அதுலதான் இருக்கா சார். பக்கத்துல தாவுறா பாருங்க."

அவர் ஏதோ பொத்தானைத் தட்டினார். புள்ளியெல்லாம் போயிற்று. கூடவே மழை போயிற்று, முகத்துச் சேறு போயிற்று, இரண்டு பெண்களும் துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மைகள் மாதிரி வழவழவென்று ஆனார்கள். பிறகு படத்தின் மேல்பக்கத்தை வெட்டினார். "இந்தக் கம்பம் இடிக்குது."

"கம்பத்தை வெட்டாதீங்க."

"எதுக்கு? அது எரியக்கூட இல்ல."

"அதுக்குத்தான்."

அவர் நாற்காலியைத் திருப்பினார். நான் ஏன் அந்த மூலையில் போய் உட்கார்ந்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "சங்கத்துக்காரங்க நமக்கு வேண்டியவங்க, பாலித்தீன். நாளைக்கு அவங்க முகத்துல முழிக்கணும். ஒழுங்கா வெட்டிப் போடலாம், இல்லன்னா படமே வேணாம். ஒரு வரி போட்டுட்டுப் போறேன்."

"போடுங்க. நான் இந்தப் படத்தை என் பேர்ல வெளிய விடுறேன். உங்க ஒரு வரியையும் கீழேயே போடுறேன். ஜனங்க ரெண்டையும் சேத்துப் பாக்கட்டும்."

"மிரட்டுறியா?"

"ஆமா சார்."

"வேலைக்கு ஆபத்து."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார், நான் நின்ற இடத்தில் தரையில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். வெட்டியதைத் திரும்ப ஒட்டினார்.

"புள்ளியையாவது எடுத்துடட்டுமா?"

"வேணாம். லைட் போட்டிருந்தா அந்தப் புள்ளி விழுந்திருக்காது. அதுவும் செய்திதான்."

"உன்னைக் கட்டிக்கிட்ட மனுஷனை நெனச்சாதான் பாவமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, படத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.

காலையில் நாத்தனார் பேப்பரைப் பிரித்தாள். படம் பக்கத்தில் பாதி அளவுக்கு வந்திருந்தது. "ஐயோ அண்ணி, என் வாயைப் பாருங்க, குகை மாதிரி. வேற படமே கெடைக்கலையா?" என்றாள். சொல்லிக்கொண்டே பேப்பரை யாருக்கும் கொடுக்காமல் மார்போடு வைத்துக்கொண்டாள்.

மாமியார்தான் வாங்கினார். மகள் பந்து விளையாடுவதைப் பற்றி அவர் நல்லதாகவும் பேசியதில்லை, கெட்டதாகவும் பேசியதில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்கிற குரலில், "அவ மைதானத்துக்குப் போயிருக்கா" என்பார், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். சேற்றைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். வாயைப் பற்றிக்கூடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் விரல் மகளின் முகத்திலிருந்து மெல்ல மேலே போய் கம்பத்தில் நின்றது.

"ஏன் இப்படி இருட்டுல ஆட விட்டாங்க? இங்க லைட்டு இருக்குல்ல?"

"இருக்கு அத்தை. இவங்க ஆடும்போது அணைச்சுட்டாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"ஆம்பளைங்க ஆடினப்ப எரிஞ்சுது."

மாமியார் பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"அணைக்கச் சொன்னது யாரு?"

"சங்கத்துச் செயலாளர்."

"அந்த ஆளு நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"அம்மா, வேணாம்மா. விட்டுடும்மா" என்று நாத்தனார் பதறினாள்.

"நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு மாமியார் தன் போனை எடுத்து என் பக்கம் திரும்பினார். நான் நம்பரைச் சொன்னேன். அவர் சரியாக அழுத்தும்வரை காத்திருந்து, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன்.