கத்திரி எப்படி இருக்கார்?

கூட்டத்துக்குப் போக வேண்டியவர் அவள் கணவர். போனதென்னவோ அவள். குடிக்கிறவர் வர மாட்டேன் என்று அடம்பிடித்தால் வேறு யார் போவது? காய்ச்சல் அவருக்கு, மாத்திரை இவளுக்கு.

மருந்துக்கடைக் கதவில் ஒட்டியிருந்த, குடியை விட நினைக்கிறவர்களுக்கான கூட்டத்தின் நோட்டீஸைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டவள், பத்து நாள் அதைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். தையல் கம்பெனியில் நாளெல்லாம் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறவள். புதுத் துணியை வெட்டத் தயங்காதவள், அந்த நம்பரை அழுத்தத்தான் தயங்கினாள். ஒருவழியாகப் பேசினாள். "சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்துல இருக்கறவங்களும் வரலாம்மா," என்றது ஒரு கரகரத்த குரல். கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. முதல் வாரம் தவறிப்போய்ப் பக்கத்துப் பல் டாக்டரின் அறைக்குள் நுழைந்து கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கன்னத்தில் கைவைத்துத் தலைகுனிந்திருந்ததால், சரியான இடம்தான் என்று நினைத்துவிட்டாள்.

சரியான அறையில் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரும் இருந்தார்கள். கரகரத்த குரல் அவருடையது. "இங்க பேசினது இங்கயே இருக்கணும்," என்றார். அவளும் தலையாட்டினாள். அன்றைக்கே அந்த வாக்கு காற்றோடு போயிற்று.

ஏனென்றால், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி, "என்ன, குடிகாரங்க மாநாடு எப்படி நடந்துச்சு?" என்று கிண்டலாகக் கேட்டார். கேட்டாரே, அதுவே பெரிது. அவளிடம் அவர் எதையும் கேட்டு வருஷக்கணக்காயிற்று. அவள் கத்திரியைப் பற்றிச் சொன்னாள். கத்திரி என்பது அங்கே வரும் முடிதிருத்துபவருக்கு எல்லோரும் வைத்த பெயர். கல்யாணத்தன்று காலையில் ஒரு மாப்பிள்ளைக்குப் பாதி மீசையை எடுத்துவிட்டாராம், கை நடுக்கத்தில். அன்றைக்கே குடியை விட்டவர், எட்டு மாதமாகத் தொடவில்லையாம். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும், அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேள்வி வந்துவிடும். "கத்திரி எப்படி இருக்கார்?"

ஒன்பது வாரம் நன்றாகத்தான் இருந்தார். பத்தாவது வாரம் சாராய வாடையோடு வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். "மறுபடியும் விழுந்துட்டேன். யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியல," என்றார். அவள் வீடு வரை யோசித்துக்கொண்டே நடந்தாள். இதைச் சொன்னால் கணவருக்குக் கிடைத்த ஒரே பிடியும் நழுவிவிடுமே! "நல்லா இருக்கார்," என்றாள். அடுத்த வாரம் கத்திரி வரவேயில்லை. "ஜோரா இருக்கார், உங்களை விசாரிச்சார்," என்றாள். அதற்கும் அடுத்த வாரம், கத்திரி இறந்துவிட்டதாகக் கண்டக்டர் சொன்னார். கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே குடித்துக் கிடந்திருக்கிறார். அவள் பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், "உங்களை வரச் சொன்னார். முடி வெட்டாம வரணுமாம், அவரே வெட்டி விடறாராம்," என்றாள்.

பாவி, ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. நாக்கு தன் பாட்டுக்கு ஓடிவிட்டது.

அவர் நம்பினார். பதினான்கு நாள் ஒரு சொட்டுத் தொடவில்லை. உடம்பு உதறியது, சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. "அவர் முன்னாடி நிக்கறப்போ வாடை வரக் கூடாதுல்ல?" என்றார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் தினமும் வாயைத் திறந்தாள். வெளுத்துப்போன அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இரண்டாவது சனிக்கிழமை, காதை மூடிய முடியும் இஸ்திரி போட்ட சட்டையுமாகப் படியேறினார். அறைக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"இதுல கத்திரி யாருங்க? என்னை வரச் சொல்லியிருந்தார்."

கண்டக்டர் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "அவர் மறுபடியும் குடிச்சுத் தவறி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, தம்பி."

கணவர் திரும்பிப் படியிறங்கினார். அவள் பின்னாலேயே ஓடித் தெருவில் பிடித்துவிட்டாள்.

"மறுபடி எப்போ குடிக்க ஆரம்பிச்சார்?" என்று கேட்டார்.

"சாகறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. மூலையில உக்காந்து அழுதார்."

"நீ பார்த்துட்டு வந்து, நல்லா இருக்கார்னு சொன்ன."

"சொன்னா நீங்க மனசு உடைஞ்சு போயிடுவீங்கன்னு பயந்துட்டேங்க."

"அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேன். நல்லா இருக்கறவன் முன்னாடி போய் நிக்கத்தான் எனக்கு வெக்கம். விழுந்து கிடக்கறவன் பக்கத்துல உக்கார எனக்கு என்ன வெக்கம்?"

இருபது வருஷமாக அவர் சொன்ன பொய்களை அவள் முகத்தைப் பார்த்தே பிடித்திருக்கிறாள். ஓவர்டைம் என்ற பொய், நண்பனுக்கு விபத்து என்ற பொய், இதுதான் கடைசி என்ற பொய். இப்போதும் அந்த முகத்தைப் பார்த்தாள். இதுவும் பொய்யாக இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினாள். பொய் இல்லை.

அவர் கையை விடுவித்துக்கொண்டு, சாராயக்கடை இருக்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

"வீடு இந்தப் பக்கங்க," என்றாள்.

"தெரியும்," என்றார், நிற்காமல்.