வெள்ளை அடித்த பதினேழு கட்டங்கள்

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு அடிபம்புகள். ஒரே ஒரு பம்புக்காவது எண் ஒன்றை எழுதியிருந்தால் கோகிலா அந்த மனிதருக்குக் கோயிலே கட்டியிருப்பாள்.

பம்பு பம்பாகப் போய்த் தண்ணீரைச் சோதித்த பச்சியப்பன் அனுப்பிய எக்செல் கோப்பில் ஊர்ப்பெயர் இருந்தது, பம்பு நிற்கும் இடம் இருந்தது. ஃப்ளோரைடு அளவு என்ற பத்தியில் மட்டும் கட்டம் கட்டமாக வண்ணம் அடித்து வைத்திருந்தார். தண்ணீரில் மருந்தைச் சொட்டினால் நல்ல தண்ணீர் ரோஸ் நிறத்திலேயே நிற்கும், ஃப்ளோரைடு ஏற ஏற மஞ்சளாகிவிடும். கையில் கொடுத்த அட்டையில் ஐந்து நிறம் உண்டு. எந்த நிறத்தோடு ஒத்துப்போகிறதோ அதற்குரிய எண்ணை எழுத வேண்டும், வேலை அவ்வளவுதான்.

"அட்டையில இருக்கற கலரு ஒண்ணும் தண்ணிக்கு ஒத்து வரலீங்க மேடம். பொய்யா எதுக்கு நம்பர் போடறதுன்னு, தண்ணி என்ன கலருக்கு வந்துச்சோ அதையே போன்ல தேடி அடிச்சிட்டேன்" என்று முந்தாநாள் கேட்டபோது சொன்னார். இப்பேர்ப்பட்ட நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கோகிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை. அதுதான் தண்ணீர் பரிசோதனை ஒப்பந்தம் எடுத்த கம்பெனி. அங்கே நிரல் எழுதத் தெரிந்தவள் இவள் ஒருத்தி என்பதால் எல்லாக் குப்பையும் இவள் மேசைக்குத்தான் வரும். மூன்று நாளாகப் பைத்தானில் நிரல் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ஒருவழியாக ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் எட்டு எழுத்துக் குறியீடாகப் படிக்க வைத்தாள். அட்டையில் எந்த நிறம் அதற்குப் பக்கத்தில் வருகிறதோ அந்த எண் பட்டியலில் ஏறும். மஞ்சளில் மட்டும் நாற்பத்தொரு வகை! கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. டீ வாங்கிவரக் கீழே இறங்கவும் தெம்பில்லை.

இன்று ஐந்து மணிக்குப் பட்டியல் போயாக வேண்டும். மஞ்சள் என்று வந்த பம்புக்கு மறுநாளே கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். சுத்திகரிக்கும் இயந்திரம் பின்னால் வரும். பின்னால் என்றால் எப்போது என்று யாரும் சொல்வதில்லை.

மூன்று மணிக்கு நிரல் ஓடி முடிந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு எண் வந்துவிட்டது, பதினேழு நின்றுபோயிற்று. கோப்பைத் திறந்து பார்த்தாள். அந்தப் பதினேழும் வெற்றுக் கட்டம். போகாமலே விட்டுவிட்டாரா? ஆனால் வண்ணமே அடிக்காத கட்டம் என்றால் எட்டு பூஜ்யம் வர வேண்டும். இவற்றுக்கு எட்டு எஃப் வந்திருந்தது. எட்டு எஃப் என்றால் வெள்ளை. யாரோ மெனக்கெட்டு வெள்ளை அடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், நிரலை ஏமாற்ற முடியவில்லை.

உடனே பச்சியப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பதினேழு பம்புக்கு வெள்ளை அடிச்சிருக்கீங்க."

"சும்மா வுட்டதுங்க மேடம்."

"சும்மா வுட்டா எனக்கு வேற மாதிரி வரும். மொதல்ல என்ன கலரு போட்டிருந்தீங்க?"

"அட, அதையும் காட்டிக் குடுத்துருதா கம்ப்யூட்டரு! மஞ்சளுங்க. பதினேழும் மஞ்சக்கரு கணக்கா இருந்துச்சு."

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?"

"அந்தக் கொட்டாய்ங்க எல்லாம் சின்னச் சின்ன ஊருங்க, ஊருக்கு ஒரே பம்பு. கைப்பிடியக் கழட்டிட்டா தண்ணிக்கு எங்க போவாங்க? கையப் புடிச்சிக்கிட்டு எழுதிடாதீங்கன்னு அழுவறாங்க. எனக்கு மனசு கேக்கல."

கோகிலாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "எழுதாம வுட்டா மிஷினும் வராது, ஆயுசுக்கும் இந்தத் தண்ணிதான். எங்கம்மாவுக்கு அம்பது வயசுகூட ஆவல. முட்டிய மடக்கி ஒரு இடத்துல உக்கார முடியாது. எல்லாம் இந்தத் தண்ணி குடிச்சு வந்த வெனைதாண்ணா!"

"மிஷின் எந்தத் தேதிக்கு வரும்னு சொல்லுங்க மேடம். நானே மறுபடி மஞ்சள் அடிச்சி அனுப்பறேன்."

அவளிடம் தேதி இல்லை. அதை அப்படியே சொல்லிவிட்டாள்.

"சரி, எழுதிக்கோங்க" என்றார் கடைசியில். ஒரு தாளும் பார்க்காமல், புளியங்கொட்டாய், கல்லுக்குழிக்கொட்டாய் என்று ஊர் ஊராக, எது எவ்வளவு மஞ்சள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பதினேழாவதாகப் பாறைக்கொட்டாய்.

"அதுதாங்க இருக்கறதுலயே ஜாஸ்தி. எங்க ஊரு. கைப்பிடி கழட்டற வேலையும் என்னுதுதான். நாந்தான் போயிக் கழட்டோணும்."

கோகிலா பதினேழையும் பட்டியலில் ஏற்றினாள். இன்னும் நான்கு நிமிடத்தில் அவள் பட்டியலை அனுப்பிவிடலாம்.

"ஒரே ஒரு ஒத்தாசைம்மா" என்றார் பச்சியப்பன். மேடம் போய் அம்மா வந்திருந்தது. "இன்னிக்கி அனுப்பாதீங்க. நாளைக்கி அனுப்புங்க. வண்டிய எடுத்துக்கிட்டு பதினேழு ஊருக்கும் போயி, கொடம், அண்டா, டிரம்மு எது இருக்குதோ அதுல எல்லாம் ரொப்பி வச்சிக்கச் சொல்லிட்டு வந்துடறேன். ஒரு வாரம் தாங்கும்."

"எந்தத் தண்ணியண்ணா ரொப்பச் சொல்லுவீங்க?"

"இந்தத் தண்ணியத்தாம்மா. வேற எது இருக்குது?"

போனை வைத்தாள். பிறகு மேலாளர் நவநீதனைக் கூப்பிட்டு, நிரலில் தப்பு வந்துவிட்டது, இன்றைக்கு ஆகாது என்றாள். மூன்று நாளாக என்ன கிழித்தாய் என்று ஆரம்பித்து, வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்பது வரைக்கும் அவர் வந்தார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பட்டியல் வந்தாகணும்" என்றார்.

"சாயந்திரம்தான் சார் ஆவும்" என்றாள். "பதினேழு எர்ரர் இருக்குது."