எரிகிற பல்பை எறிவானேன்

பெர்னடினுக்குக் கண் போய்விட்டது என்று பெர்னடினே முடிவு கட்டிவிட்டாள். டாக்டரிடம் போகவில்லை. போனால் அதை அவர் வாயால் கேட்க வேண்டுமே! அவள் அக்காவுக்கும் கண்புரை இப்படித்தான் மங்கலாக ஆரம்பித்தது.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்களில் அவள் தையலுக்குத்தான் பேர். போன வாரம் அவள் வீட்டிலிருந்து தைத்துக் கொண்டுபோன சதுரங்களை யாரோ பிரித்துத் திருப்பித் தைத்திருந்தார்கள். விஸ்கான்சின்காரர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்வார்களா என்ன? காபியை ஊற்றிக் கொடுத்து, பனியைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு நெஞ்சு வெந்துபோனது. அன்றே அக்கா மகள் கொரினுக்குப் போன் போட்டாள். "தையல் சட்டத்தை வந்து எடுத்துக்கடி. எனக்கு இனி எதுக்கு?"

கொரின் வந்தபோது நாலரை மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. சட்டத்தின் திருகாணியைத் தேடி, பெர்னடின் தைக்கும் நாற்காலி பக்கத்து மேசைவிளக்கின் குமிழைத் திருப்பினாள். ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு படி வெளிச்சம் கூடி, மூன்றாவதில் முழுதாக எரியும் விளக்கு அது.

"என்ன சித்தப்பா, எரியல?"

பெர்னடினின் கணவர் எல்ராய் செய்தித்தாளை இறக்கவே இல்லை. "இன்னொரு தடவை திருப்பு. சின்ன வெளிச்சம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே போச்சு. அது யாருக்கு வேணும்? மத்த ரெண்டும் ஜோரா எரியுது."

"சொல்லவே இல்லையே நீ?" என்றாள் பெர்னடின். அவள் எப்போதும் கடகடவென்று மூன்று திருப்பு திருப்பிவிட்டுத்தான் ஊசியை எடுப்பாள். நடுவில் என்ன எரிந்தது என்று யார் பார்த்தார்கள்!

"எரியற பல்பைத் தூக்கி எறியச் சொல்றியா?"

கொரின் மறுபடி திருப்பினாள். எரிந்தது. இன்னொரு திருப்பு. "சித்தி, ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணாத்தானே இருக்கு?"

செய்தித்தாள் மெதுவாக இறங்கியது. எல்ராய் எழுந்து வந்து, துணியால் பிடித்துப் பல்பைக் கழற்றி, தலையில் அச்சிட்டிருந்ததைப் படித்தார். ஐம்பது, நூறு, நூற்றைம்பது வாட். அவர் முகம் சுருங்கியது.

"உள்ள மூணு இழை இல்ல பெர்னி. ரெண்டுதான். அம்பது ஒண்ணு, நூறு ஒண்ணு. மூணாவது திருப்புல ரெண்டும் சேர்ந்து எரியணும். அம்பது செத்துப் போனா..."

"நூறுதான் எரியும்," என்றாள் கொரின்.

"அப்போ என் கண்ணு?" என்றாள் பெர்னடின். ஆசைப்படவே பயமாக இருந்தது அவளுக்கு.

எல்ராய் அலமாரிக்குப் போனார். புதுப் பல்பு ஒன்று அட்டை உறைக்குள் ஒய்யாரமாக இருந்தது. தள்ளுபடியில் வாங்கியதாம், பழசு எரியும்வரை தொடக்கூடாதாம்!

"அட பாவி மனுஷா! வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தியா?"

அவர் நன்றாக இறுக்கித் திருகினார். ஒரு திருப்பு, இரண்டு, மூன்று. நாற்காலியைச் சுற்றி வெளிச்சம் கொட்டியது. பெர்னடின் மடியில் கிடந்த சதுரத்தைத் தூக்கிப் பிடித்தாள். ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரிந்தது.

"கொரின், வெறுங்கையோட போ. சட்டம் இங்கயே இருக்கட்டும். எனக்குப் புரையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இந்தாளோட கஞ்சத்தனம்தான் என் கண்ணை மறைச்சிருக்கு!"

"பழைய பல்பு நூறு எரியுதே, ஷெட்டுல போட்டுக்கலாம்," என்றார் எல்ராய், கதவோரம் நகர்ந்தபடி.

அவள் காதில் அது விழவில்லை. துணியைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி அருகே கொண்டுவந்தாள். கண்ணீர் வழிந்தது, சிரிப்பும் வந்தது.

"ஐயோ, பாருங்களேன்," என்றாள், "எவ்வளவு கோணலா தெச்சிருக்கேன்!"