மூன்றாவது தகடு

மாமனார் போனில் சுருக்கமாக முடித்துக்கொண்டார். "வண்டியை விக்கப்போறேன். ஒரு மெக்கானிக்கும் தொட மாட்டேங்கறான், பிரிச்சவனே வந்து சரி பண்ணட்டும்ங்கறான். ஞாயித்துக்கிழமை வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

எட்டு மாதத்தில் அவர் அவனிடம் பேசியது இவ்வளவுதான். மற்றவர்களிடம் பேசியதற்குக் கணக்கில்லை. நல்லா ஓடிட்டிருந்த இன்ஜினை டிகிரி படிச்ச மாப்பிள்ளை நோண்டினாரு, என் பொண்ணு நடுரோட்டுல போயிட்டா என்று உரக்கடையிலும் சலூனிலும் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. அவன் மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமென்றால் முதலில் அவனுக்குத் தெரிய வேண்டுமே.

அது இப்படி நடந்தது. அவன் மனைவி இறந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம், டிராக்டரைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் திருப்பியடித்து மாமனாரின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. டீசல் நேரத்துக்கு முன்னாலேயே தெறிக்கிறது, அதுதான் உதைக்கிறது என்று அவன் சொன்னான். டீசல் பம்புக்கு அடியில் காகிதம்போல மெல்லிய தகடுகள் இரண்டு இருந்தன. மூன்றாவதாக ஒன்றை வைத்தான். தகடு கூடினால் டீசல் ஒரு இழை தாமதமாகப் போகும். உதை நின்றது.

விடிந்ததும் அவளுக்கு வயிற்றைப் புரட்டிப் போடும் வலி. வாய்க்கால் உடைந்து பாதையெல்லாம் முழங்கால் தண்ணீர். ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. டிரெய்லரில் மெத்தையைப் போட்டு அவளைப் படுக்கவைத்தார்கள். மாமனார் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி ஒரே சுற்றில் கிளம்பி, மர மில் திருப்பம் வரை போய், திணறி, ஒரு தடவை எகிறி, நின்றது.

நேற்றுக் கை வைத்தது டைமிங்கில், கோளாறும் அங்கேதான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். தண்ணீரில் நின்றபடி பம்பைக் கழற்றி, மூன்றாவது தகட்டை உருவிவிட்டுத் திரும்ப மாட்டி, உள்ளங்கை கிழியச் சுற்றினான். நாற்பது நிமிடம். நடுவில் அவள், "இன்னும் எவ்வளவு நேரம்ங்க?" என்றாள். "ரெண்டு நிமிஷம்" என்றான். கடைசியில் செங்கல் சூளை டிராக்டர் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது. கருக்குழாய் வெடித்து ரத்தம் உள்ளேயே தேங்கியிருந்தது. "ஒரு அரைமணி முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அந்தத் தகடு மட்டும் அவன் பர்ஸில் தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வந்தாச்சா. ஏம்ப்பா, காலேஜ்ல இதுக்குன்னு தனியாப் பரீட்சை உண்டா?"

"உண்டு மாமா."

"பாஸாயிட்டியா?"

"ஆயிட்டேன்."

"அதான் ஊருக்கே தெரிஞ்சுதே."

முன்பெல்லாம் வாசல்வரை வந்து, 'வாங்க மாப்பிள்ளை' என்பார். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினான். பம்பிலிருந்து இன்ஜின் தலைக்குப் போகும் பைப்பைக் கழற்றினான். ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் திருப்பினால் பம்பின் வாயில் டீசல் எழும்ப வேண்டும். அது எழும்பும் அந்த நொடியில் ஃப்ளைவீலில் வெட்டியிருக்கும் கோடு, பக்கத்து முள்ளுக்கு நேராக நிற்க வேண்டும். டைமிங் என்பது அவ்வளவுதான்.

இரண்டு சுற்றுத் திருப்பினான். பம்பின் வாய் காய்ந்து கிடந்தது.

"டீசல் இருக்கா மாமா?"

"அரை டேங்க் இருக்கு. எவன் குடிச்சான்?"

டேங்குக்கு அடியில் குனிந்து பார்த்தான். டீசல் வரும் டேப்பு குறுக்கே கிடந்தது. மூடியிருந்தது. பிடியைச் சுற்றி எட்டு மாத அழுக்கு இறுகிப்போய், யாரும் தொட்ட தடமே இல்லை.

"இதை யாரு மாமா மூடினது?"

"நான்தான். அன்னிக்குச் சாயங்காலம் நீ கை வச்சதும் சொட்டுச் சொட்டா ஒழுகுச்சு. வேலை சுத்தமாத் தெரிஞ்சவன் பண்ற காரியமா அது? மூடிட்டுப் போய்ப் படுத்தேன்."

"காலையில திறந்தீங்களா?"

"திறந்திருப்பேன்."

"வண்டியை இழுத்துட்டு வந்தப்புறம் மூடினீங்களா?"

"அன்னிக்கு இருந்த இருப்புல எவன் இந்தப் பக்கம் வந்தான்? கேள்வி கேக்காம வேலையைப் பாரு. நாலு மணிக்கு வாங்கற ஆள் வருது."

கேஸ், கேட், பம்புசெட், மொட்டைமாடிக் கதவு என்று அந்த வீட்டில் எதையும் மூடுவது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் திறந்துபோடுவார்கள், அவர் திட்டிக்கொண்டே மூடுவார். அவர் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

அவன் டேப்பைத் திறந்தான். பம்பின் காற்றுத் திருகைத் தளர்த்தினான். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமான டீசல் வழிந்தது. இறுக்கிவிட்டு வாட்சைப் பார்த்தான். இரண்டு நிமிடம்.

மறுபடி ஃப்ளைவீலைத் திருப்பினான். கோடு முள்ளுக்கு வர ஒரு விரல் அகலம் இருக்கும்போதே டீசல் எழும்பியது. முந்திப் பாய்கிறது. பர்ஸிலிருந்து தகட்டை எடுத்துத் துடைத்து, மற்ற இரண்டோடு சேர்த்து வைத்துப் பம்பை இறுக்கினான். திருப்பினான். டீசல் எழும்பியது. கோடு முள்ளுக்கு நேராக நின்றது. நம்பாமல் மூன்று தடவை பார்த்தான். மூன்று தடவையும் மயிரிழை பிசகவில்லை.

பைப்பை மாட்டி ஹேண்டிலைச் சுற்றினான். கை அதிரவில்லை. வண்டி ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா!" மாமனார் எழுந்து வந்தார். "ஒழுங்கா வச்சா ஓடுது. அன்னிக்கே இப்படி வச்சிருந்தா..."

"அன்னிக்கும் இப்படியேதான் வச்சிருந்தேன்."

குனிந்து டேப்பை மூடினான்.

"எதுக்கு மூடுற?"

"கொஞ்சம் இருங்க மாமா."

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஃபில்டரிலும் பைப்பிலும் மிச்சமிருந்ததைக் குடித்து ஓடியது. பாரம் இல்லாததால் அன்றைக்கைவிடக் கூடுதலாகவே ஓடியது. மாமனார் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். அப்போது அது திணறியது. ஒரு தடவை எகிறியது. நின்றது.

அந்தத் திணறலை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மாமனார் கையால் துழாவி நாற்காலியைப் பிடித்தார். உட்கார்ந்து தன் வெறும் மடியைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றார். எட்டு மாதத்தில் முதல் தடவை. "உங்க அத்தைக்குத் தெரிய வேண்டாம். நான் இந்த வீட்ல இருந்தாகணும்."

"எனக்கும் ஒரு வீடு இருந்துச்சு மாமா."

அடுக்களைக் கதவு திறந்தது. அத்தை டீ கொண்டுவந்தாள். ஒரே ஒரு டம்ளர். அவனுக்கு அந்த வீட்டில் டீ நின்றுபோய் எட்டு மாதம்.

"ஓடிட்டிருந்துச்சே, ஏன் நின்னுச்சு?" என்று கணவனைக் கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்களைத்தான் கேக்கறேன். அன்னிக்கும் இப்படித்தானே நின்னுச்சாம்?"

"டேப்பு மூடியிருக்கு அத்தை. இப்போ மூடினது நான். அன்னிக்கும் மூடித்தான் இருந்திருக்கு. திறந்துவிட்டா ரெண்டு நிமிஷ வேலை. நான் அதைப் பார்க்காம பம்பைக் கழட்டினேன்."

யார் மூடியது என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் அதைக் கேட்க வேண்டியதில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டீயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"நாலு மணிக்கு ஆள் வருதே" என்றார் மாமனார், யாரிடமோ சொல்வதுபோல.

அவன் ஸ்பானரைத் துடைத்து அவர் கையில் வைத்தான். "டேப்பைத் திறங்க. இந்தத் திருகைத் தளர்த்துங்க. நுரை நின்னதும் இறுக்கிட்டுச் சுத்துங்க. உங்களுக்கே வரும்."

மர மில் திருப்பம் வரை நடந்தான். அங்கே நின்று காது கொடுத்தான். வண்டி கிளம்பிய சத்தம் கேட்கவில்லை. பிறகு நிற்காமல் நடந்தான்.