அளந்த பிறகுதான் கையெழுத்து

ஊரப்பாக்கத்தில் என் ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு வயது பதினொன்று. கல்யாண ஆல்பம் போடும் சாஃப்ட்வேர் அதில் மட்டும்தான் ஓடும். ஐந்நூறு ஜிபி ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதால், அதை எடுத்துவிட்டு ஒன் டிபி, அதாவது ஆயிரம் ஜிபி போடச் சொல்லித் தாம்பரத்தில் டெனிஸ் கடையில் கொடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை போனதும் டெனிஸ் டெலிவரி சீட்டை நீட்டினார். "வினிதாக்கா, ஒரு கையெழுத்து."

திரையைப் பார்த்தேன். சி டிரைவ், மொத்தம் 465 ஜிபி. காலியிடம் ஆறு.

"பழைய டிஸ்க்லயும் இதே 465தானே இருந்துச்சு?"

"கம்பெனி கணக்கு வேற, கம்ப்யூட்டர் கணக்கு வேறக்கா. கொஞ்சம் கொறச்சுதான் காட்டும்."

"கொஞ்சம்னா ஒத்துக்குறேன். பாதியக் காணோமே."

"மதர்போர்டு பழசு. அதுக்கு மேல எடுத்துக்காது. புது மெஷினா பாத்துடுங்க, நம்ம கிட்டயே நல்ல பீஸ் கீது."

ஒரு நிமிஷத்தில் இரண்டு காரணம். முதலாவது நிஜமென்றால் இரண்டாவதற்கு வேலையே இல்லை. மனை பேச வருபவர்கள் இப்படிக் காரணத்தை மாற்றினால், மனை வாங்கி விற்கும் என் அப்பா சிட்டிபாபு அவர்களுக்கு இரண்டாவது காபி சொல்லமாட்டார்.

என் பையில் நாலு மெமரி கார்டு. நாலிலும் நேற்றைய கல்யாணம். அதை இறக்கினால்தான் கார்டு காலியாகும். காலியானால்தான் சாயந்திரம் பொத்தேரி ரிசப்ஷனில் என் கேமராவுக்கு வேலை.

"கையெழுத்து போட இன்னாக்கா இவ்ளோ யோசனை? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும். எங்க வூட்ல டேப்பு புடிச்சு நாலு பக்கமும் அளக்காம பத்திரத்துல கை வெக்க மாட்டோம். நீங்களும் புடிங்க."

"டிஸ்க்குக்கு ஏதுக்கா டேப்பு?"

"டிஸ்க் மேனேஜ்மென்ட் தொறங்க. மொத்த மனையும் தெரியும்."

மனமில்லாமல் திறந்தார். நீளமாக ஒரு பட்டை. இடது பாதியில் சி டிரைவ். வலது பாதி கருப்புக் கோட்டின் கீழே, எதற்கும் ஒதுக்கப்படாமல், 466 ஜிபி சும்மா கிடந்தது.

டெனிஸ் கழுத்தைச் சொறிந்தார். பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்; எல்லைக் கல்லும் பழைய அளவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு கிரவுண்டு வாங்கிவிட்டு, பழைய ஒரு கிரவுண்டு பத்திரத்தைப் பார்த்து வேலி போட்டது மாதிரி.

"எடுத்துக்காதுன்னீங்க. தெரியாமயா படம் போட்டுக் காட்டுது?"

"க்ளோன் பண்ணா சில நேரம் இப்படி ஆவும்க்கா." சி டிரைவை நீட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் படுத்தால் மீட்பதற்கான ரெக்கவரி பகுதி ஒன்று நடுவில் சின்னதாக உட்கார்ந்து வழியை மறித்தது. "இத நகத்தணும். நாளைக்கு வாங்க."

"நகத்த வேணாம். கருப்ப தனி டிரைவா போடுங்க. நான் நிக்கறேன்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இ டிரைவ் வந்து நின்றது. முதல் கார்டைச் செருகினேன். படங்கள் வரிசையாக இறங்கத் தொடங்கின. எனக்குப் பின்னால் நின்றவர் தன் லேப்டாப்பைக் கவுண்டரில் வைத்தார்.

"சார், போன மாசம் நீங்க டிஸ்க் மாத்தினது. எனக்கும் அதத் தொறந்து காட்டுங்க."

நான் சீட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். மேலே எழுதினேன்: மொத்தம் 931 ஜிபி. அளந்து பார்த்தது.