பாலேஸ்வரியின் அபிப்பிராயங்களும் சேலையின் நீளமும்

போன வருடம் ஆவணி இரண்டாம் ஞாயிறு, மாலை ஆறு இருபதுக்குப் பாலேஸ்வரியின் சேலை நீளத் தொடங்கியது. கொட்டாஞ்சேனைக் கோயிலில் இதிகாசப் படிப்பின் ஒன்பதாம் நாள் அது. ஒருவர் பாட்டைப் படிப்பார், மற்றவர் அதற்குப் பொருள் விரித்துப் பயன் சொல்வார், சனம் வாய் திறக்காமல் கேட்கும், அதுதான் வழக்கம். அன்று சூதாட்டக் கட்டம். மூத்தவன் தம்பிமாரைத் தோற்றான், தன்னைத் தோற்றான், கடைசியில் மனைவியையும் பணயம் வைத்துத் தோற்றான். சபையில் அவளுடைய துகிலை உரிந்தார்கள். கடவுள் முடியாத சேலை கொடுத்துக் காத்தார். பயன் சொன்னவர் கண்ணைத் துடைத்தார். முன்வரிசையில் இருந்த பாலேஸ்வரி, "சேலை குடுத்தவர் ஒரு பத்து நிமிசம் முந்தி வந்து அந்தச் சூதுக் காயளைத் தூக்கி எறிஞ்சிருக்கலாமே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், மைக் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்குப் புறப்படும்போது முந்தானை ஆறு மீற்றர் வளர்ந்திருந்தது. வெள்ளவத்தை வரைக்கும் அவள் அதையே விளக்கிக்கொண்டு போனதால் துணி ஆட்டோவை நிரப்பியது. "அக்கே, தவத்?" என்று, இன்னுமா என்பதைச் சாரதி சிங்களத்தில் கேட்டு அலுத்துக்கொண்டார். இன்னும் இருந்தது.

அடுத்த மாதங்களில் அளவுகள் தெளிவாயின. இதிகாசம் என்றால் ஆறு மீற்றருக்குக் குறையாது. சினிமாவுக்கு அவ்வளவு வராது. கதாநாயகன் தாடி வளர்ப்பதற்காக இடைவேளையில் ஒரு பெண்ணைக் கொல்லுகிறார்கள் என்றாள்: முக்கால் மீற்றர். இன்னொரு படத்தில் தகப்பன் இரண்டரை மணி நேரம் மகனை அடித்தார், முடிவில் மகன் அவர் காலில் விழுந்தான், தியேட்டரே அழுதது. பாலேஸ்வரி டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டாள்: இரண்டு மீற்றர். ஒருமுறை மரியாதைக்காக ஒரு படத்தைப் புகழ்ந்து பார்த்தாள். நூல் அளவுகூட வளரவில்லை. காலி வீதித் துணிக்கடைக்காரர்கள் முதலில் பயந்தார்கள். ஒரு கழுவலில் சாயம் போகிறது என்று தெரிந்தபின் அவளைக் கண்டால் சிரித்தார்கள். மாடியில் காயப்போட்ட துணி கடற்கரைத் தண்டவாளம் வரைக்கும் தொங்கியது. ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

கணவர் நாகேந்திரம் துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோயில் செயலாளர். தையில், அதே கோயில் மண்டபத்தில், வத்தளைச் சுபோதினியின் கனடா மகன் கிஷாந்துக்குத் தன் மகள் யதுஷாவைத் தருவதாக வாக்குக் கொடுத்தார். வீட்டில் அதை இரண்டு நாள் கழித்துச் சொன்னார். யதுஷாவுக்கு இருபத்தெட்டு வயது, புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி. அவள் எழுந்து அறைக்குள் போனாள்.

"ஞாயிற்றுக்கிழமை அவையள் வருகினம். படமும் வேண்டாம், கோயில் கதையும் வேண்டாம். நீர் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரும்" என்றார் நாகேந்திரம்.

பாலேஸ்வரி சம்மதித்தாள். முப்பது வருடத்துக்கு முன் அவளையும் ஒருவரும் கேட்கவில்லை. வாழ்ந்துதான் இருக்கிறாள்.

ஞாயிறு காலை சுபோதினி கேக்கைக் கடித்தபடி, "அக்கா, அந்தக் காலத்துப் பொம்பிளையளின்ர பொறுமை இப்ப ஆருக்கு வரும்?" என்றாள். பாலேஸ்வரி எட்டு மீற்றர் அபிப்பிராயத்தை விழுங்கினாள். சேலை ஒரு சாண் குறைந்தது. இது இதற்கு முன் நடந்ததில்லை. சுபோதினி, மகனைத் தகப்பன் காலில் விழவைத்த அந்தப் படத்தைப் புகழ்ந்தாள். பாலேஸ்வரி விழுங்கினாள், இன்னொரு சாண். முந்தானை முதுகிலிருந்து தோளுக்கு ஏறியது. நாகேந்திரம் நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தை எடுத்தார். யதுஷா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள். அவள் தாயின் தோளைப் பார்த்தாள். மற்ற யாரும் பார்க்கவில்லை.

"துகில் உரிஞ்ச அந்தச் சபையில இருந்த பெரியாக்கள் எல்லாரும் கேக் திண்டுகொண்டுதான் இருந்திருப்பினம்" என்றாள் பாலேஸ்வரி. "இவர் பிள்ளையைக் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை."

துணி கூடத்தை நிரப்பியது. சுபோதினி காலைத் தூக்கிக் கதிரையில் வைத்து, தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்றாள். நாகேந்திரம் துணிக்குள் பஞ்சாங்கத்தைத் தேடினார். யதுஷா தட்டை வைத்துவிட்டு, வழக்கம்போல மடிப்பதற்குத் துணியின் ஒரு முனையைப் பிடித்தாள். பாலேஸ்வரி மறு முனையைப் பிடித்து இழுத்து நேராக்கினாள்.

"பிள்ளை, உனக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ?"